தரைக்கடியில் ஒரு சூட்டுப் பாய்

அத்தியாயம் 9

கொரியாவிலிருந்து மகன் வந்தால் பெட்டிக்குள் என்ன இருக்கும்? சென்ட் இருக்கும், மினுமினுப்பாக நாலு சட்டை இருக்கும், ஒரு செல்போனாவது இருக்கும். முத்துராஜின் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த சொந்தக்காரர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே சுருட்டிய ஒரு வலை! வலை முழுக்க வளைந்து வளைந்து ஓடும் ஆரஞ்சு ஒயர்.

"ஏண்டா, ஏரிக்கரைக்காரனுக்கே வலை கொண்டாந்தியா?" என்று அத்தை ருக்கு சிரித்த சிரிப்பு, ஏரித் தண்ணீரைத் தாண்டி அக்கரைப் பசியாவரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அது மீன் பிடிக்கிற வலை இல்லை. டைல்ஸுக்கு அடியில் விரித்துக் கரண்ட் கொடுத்தால் தரையைச் சூடாக்குகிற பாய். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக மூன்று வருஷம் இருந்தவன், அங்கே பனிக்காலத்தில் சூடான தரையில் படுத்த முதல் ராத்திரியே முடிவு பண்ணிவிட்டான். இது நம் அம்மாவுக்கு வேண்டும். முப்பது வருஷமாக ஏரித் தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிக்கிற அம்மாவுக்கு, கார்த்திகை வந்தால் கால் விறைத்துப் போகிற அம்மாவுக்கு, இதைவிட வேறு என்ன வாங்கிக்கொண்டு போவது?

நல்ல பிள்ளைதான். குறை சொல்ல முடியாது. ஆனால் பாவம், வீட்டில் எல்லோருக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் அவனுக்கு மட்டும் தெரியாது.

அம்மா மணியம்மாளின் கால் விறைக்கவில்லை. இரண்டு பாதங்களிலும் உணர்ச்சியே போய்விட்டது.

போன வாரம் சமையலறையில் சிவப்பாகத் தடம் தடமாக இருந்ததைத் துடைத்துக்கொண்டே போன மருமகள் பூவிழி, அது ரத்தம் என்று தெரிந்து பதறிப்போய் மாமியாரின் காலைத் தூக்கிப் பார்த்தாளே, நினைவிருக்கிறதா? உள்ளங்காலில் விரல் நீளத்துக்குச் சிப்பி ஓடு ஏறியிருந்தது. மணியம்மாளோ அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டு, "இன்னாடி, காலப் புடிச்சு இழுக்கற?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் மருமகளின் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். முத்துராஜுக்குத் தெரியக் கூடாது. ருக்குவுக்குத் தெரியக் கூடாது. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

காரணம் இருந்தது. பெண்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, இறால் போடுகிற ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவிப் போகிற வேலை அது. இறால் இருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடிப்பது கால்தான். கால் சொன்ன பிறகுதான் கை கீழே போகும். வரிசையில் ஒருத்தியின் கால் செத்துவிட்டால், இறால் எல்லாம் அவள் பக்கமாகத் தப்பித்துப் போய்விடும். தெரிந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். "வூட்ல குந்து அண்ணி" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். மணியம்மாளுக்கு அந்த அன்புதான் பயம்.

இது இப்படி இருக்க, புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை காலையில் டைல்ஸ் மேஸ்திரி ரஞ்சித்குமார் வந்து சேர்ந்தான்.

"முத்து, இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கு எனக்குப் பொன்னேரியில வேலை. மழ வர்றதுக்குள்ள தரைய முடிச்சிடணும். பாய எங்க போடறதுன்னு ஜல்தியா சொல்லு."

"அதுல இன்னா யோசன? அம்மா ரூம்லதான்."

முத்துராஜ் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு மணியம்மாள் படுக்கிற அறைக்குள் போனான். ஆறடி நீளம், மூன்றடி அகலம். பாய் அவ்வளவுதான். சுவர் ஓரமாக ஒரு கோடு போட்டான். பிறகு அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டான்.

"ஏன் தள்ற?" என்று மேஸ்திரி கேட்டான்.

"அந்த எடத்துல பீரோ வரும். பீரோ, பொட்டின்னு மேல எதுவும் குந்தவெக்கக் கூடாதுப்பா. சூடு வெளிய போவ வழியில்லாம ஒயரு பொசுங்கிடும். காலி எடமாப் பாத்துதான் போடணும்."

"கீழ?"

"கீழ தெர்மாகோல் மாதிரி ஒரு அட்டை. அது இல்லன்னா சூடெல்லாம் மண்ணுக்குள்ள போயிடும். நம்ம மண்ணு தெரியாதா? எப்பவும் ஈரம்."

மேஸ்திரி சுவரின் அடிப்பாகத்தைத் தடவினான். புதுப் பூச்சுதான், அதற்குள் உப்பு பூத்திருந்தது. "ஸ்விட்ச எங்க வெக்கப் போற?"

முத்துராஜ் முழங்கால் உயரத்தில் கோடு கிழித்தான். மேஸ்திரி சிரித்துவிட்டான்.

"கொரியாவுல இருந்து வந்தவன்னு காட்டிட்ட. போன வருசம் ஏரித் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு உங்கம்மாவக் கேளு. உன் பொண்டாட்டியக் கேளு. இந்த சொவருல இங்க வரைக்கும்." அவன் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினான்.

முத்துராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டைத் தோள் உயரத்துக்கு ஏற்றினான்.

அறைவாசலில் பூவிழி நின்றிருந்தாள். பொன்னேரிக்காரப் பெண். பி.காம். படித்தவள். கல்யாணமான பதினைந்தாம் நாளே முத்துராஜ் கொரியாவுக்குத் திரும்பிவிட்டதால், இந்த ஒரு வருஷமும் அவள் குடித்தனம் நடத்தியது மாமியாரோடுதான். புருஷன் முகம் இன்னும் கொஞ்சம் புதுசு. மாமியார் முகம் பழகிய முகம்.

"பூவிழி, அந்தப் பேப்பர கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எனக்கு கொரியாக்காரங்க பேச்சு வரும், எழுத்து வராது."

பெட்டியோடு வந்த காகிதத்தைச் செல்போனில் காட்டினால் அது தமிழில் மாற்றிக் கொடுத்தது. கோணல்மாணல் தமிழ்தான், ஆனாலும் புரிந்தது.

"ஒயர வெட்டக் கூடாதாம். வலைய மட்டும் வெட்டித் திருப்பிக்கலாமாம். ஒயரு மேல ஒயரு ஏறக் கூடாதாம்."

"சரி."

"சென்சார்னு ஒண்ணு இருக்காம். அதக் கட்டாயம் ரெண்டு ஒயருக்கு நடுவுல வெக்கணுமாம். அதுதான் தரை எவ்வளவு சூடுன்னு பாத்து கரண்ட நிறுத்துமாம். தள்ளி வெச்சா சூடு ஏறிக்கினே போவுமாம்."

"தெரியும், தெரியும். அப்பால?"

அப்புறம் இருந்த வரியைப் பூவிழி மனதுக்குள் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். செல்போன் தப்பாக மாற்றியிருக்குமோ என்று காகிதத்தை மறுபடி காட்டிப் பார்த்தாள். அதே வரிதான் வந்தது. 'கால்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் பயன்படுத்த வேண்டாம். தெரியாமலே தீக்காயம் உண்டாகும்.'

"அப்பால இன்னா?" என்றான் முத்துராஜ்.

"ஒண்ணுமில்ல. எழுத்து தெளிவா இல்ல. இதோ வந்துட்டேன்."

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே மணியம்மாள் பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூவிழி அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

"அத்தே, அவருகிட்ட சொல்லிடலாம்."

"சத்தியம் பண்ணியிருக்க."

"நீங்க தூங்குவீங்க, கீழ சூடு ஏறும், உங்களுக்குத் தெரியாது. நான் காலைல வந்து பாத்தா தோலு வழண்டு கெடக்கும். அதுக்கா சத்தியம் பண்ணேன்?"

"நான் அது மேல கால வெக்க மாட்டேன். ஓரமாப் படுத்துக்கறேன். அவனுக்குத் திருப்தி, எனக்கும் தொந்தரவு இல்ல."

"தூக்கத்துல உருள மாட்டீங்களா?"

மணியம்மாள் பறியைத் திருப்பிப் போட்டுக் கழுவினாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பூவு, உங்க மாமா போனப்போ இவன் கைக்கொழந்த. அழுதுக்கினு குந்தியிருந்த என்னைய ருக்குதான் கையப் புடிச்சு தண்ணிக்குள்ள இட்டுனு போனா. வரிசையில இறங்கின அன்னிக்குத்தான் எனக்கு சோறு எறங்குச்சு. வூட்ல குந்துன்னு சொல்லிட்டாங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்? சொவத்தப் பாத்துக்கினு இருப்பேனா?"

சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும், இந்தக் காலையும் காப்பாற்ற வேண்டும். பூவிழி யோசித்தாள். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் கெட்ட பெயர் வாங்க வேண்டும்.

உள்ளே முத்துராஜ் சும்மா இருக்கவில்லை. தரையில் அட்டையை வைத்து, அதன்மேல் பாயை விரித்து, எட்டு டைல்ஸைப் பரப்பிவிட்டான்.

"ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ சூடு பண்ணிப் பாத்துடலாம் மேஸ்திரி. சுருட்டி வெச்சு கரண்ட் குடுத்தாதான் தப்பு. விரிச்சாச்சு, அஞ்சே நிமிசம்."

தற்காலிகமாக இழுத்திருந்த ஸ்விட்ச் பலகையில் பிளக்கைச் செருகினான். சீக்கிரம் சூடேற வேண்டும் என்று குமிழைக் கடைசி வரைக்கும் திருகினான்.

பூவிழி உள்ளே வந்தாள். "ஏங்க, இத நம்ம ரூம்ல போட்டுக்கலாமா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே காது சூடாகிவிட்டது.

முத்துராஜ் நிமிர்ந்து பார்த்தான். "இன்னாது?"

"நம்ம ரூம்ல. எனக்கும் மார்கழியில குளுருது. அத்தைக்குத்தான் கட்டில் வாங்கிடலாமே, கெட்டியா ரெண்டு போர்வ..."

"எங்கம்மாவுக்குன்னு கொண்டாந்தது பூவிழி இது."

"தெரியும். இருந்தாலும் நம்ம ரூம் காலியா இருக்கு. இங்க பீரோ வேற வருது."

"பீரோவ உன் ரூமுக்குத் தள்ளிக்கோ. பாயி இங்கதான்."

"நடு ரூம்லயாச்சும் போடுங்க. இங்க வேணாம்."

மேஸ்திரி திடீரென்று ஒரு டைல்ஸைக் கையில் எடுத்து அதன் பூ டிசைனை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கொத்தனாருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

முத்துராஜின் குரல் ஏறியது. "ஏன் இங்க வேணாம்? காரணம் சொல்லு."

பூவிழி பின்வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"காரணம் இல்ல, அப்டித்தானே? வெளிநாட்டுலேர்ந்து வந்தது கெழவிக்கு எதுக்குன்னு தோணுது. முப்பது வருசம் தண்ணியில நின்னு என்னை ஆளாக்குன காலு அது. ஒரு வருசமா அவ சோத்தத் துன்னுட்டு, அவ காலு சூடா இருக்கறதுகூட உனக்குப் பொறுக்கல இல்ல?"

அடப்பாவி, வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டான். ஆத்திரத்தில் ஆம்பிளை பேசுகிற பேச்சு கொட்டின பிறகுதான் அவன் காதுக்கே கேட்கும். பூவிழிக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

இந்தச் சண்டையில் ஐந்து நிமிஷம் பதினைந்தாகிவிட்டது. இன்னொன்றும் நடந்திருந்தது. ஆத்திரத்துக்கு முந்தைய அவசரத்திலேயே முத்துராஜ் அந்தச் சென்சாரை ஒயருக்கு நடுவில் வைக்க மறந்துவிட்டான். அது தள்ளி, ஈரத் தரைமேல் சொகுசாகக் கிடந்தது. தரை இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கரண்ட் நிற்காமல் ஓடியது.

பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் மணியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தாள். மகனைத் தாண்டி, மருமகளைத் தாண்டி நேராகப் போனாள். பரப்பியிருந்த டைல்ஸ்மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள்.

"முத்து, இங்க வா."

"எம்மா, இரும்மா, இன்னும்..."

"இங்க வாடா. குனிஞ்சு கைய வெச்சுப் பாரு. சூடா இருக்குதா சொல்லு."

முத்துராஜ் குனிந்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தான். சடாரென்று கையை எடுத்துக்கொண்டான்.

"எம்மா! கொதிக்குது! எறங்கும்மா!"

"கொதிக்குதா? எனக்குத் தெரியலடா." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சூடும் தெரியல, குளுரும் தெரியல. முள்ளு குத்துனாலும் தெரியல. உங்கூட்டுக்காரி என் கால்லேர்ந்து சிப்பிய உருவுனா, அதுகூடத் தெரியல. ஒருத்தருக்கும் சொல்லாதன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்குனேன். அந்தப் பேப்பர்ல என்னை மாதிரி ஆளு இது மேல படுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. அதான் அவ உன் வாயால இவ்ளோ வாங்கிக் கட்டிக்கினா."

முத்துராஜ் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். மணியம்மாள் அசையவில்லை. சேற்றில் ஊன்றி நின்று பழகிய உடம்பு, அவ்வளவு லேசில் நகருமா?

"எறங்கும்மா, தோலு போயிடும்!"

"எறங்கறேன். மொதல்ல அவளப் பாத்துப் பேசு. சோத்தத் துன்னான்னு சொன்னியே, அதத் திருப்பி வாங்கிக்கோ. அதுவரைக்கும் நான் நவுர மாட்டேன்."

"அத்தே, வேணாம், எறங்குங்க!" என்று பூவிழி ஓடிவந்தாள்.

முத்துராஜுக்கு வாய் குழறியது. "தப்புதான் பூவிழி. நான் சொன்னது தப்பு. தெரியாம பேசிட்டேன், என்னை மன்னிச்சிடு. எம்மா, இப்ப எறங்கும்மா!"

மணியம்மாள் இறங்கினாள். மேஸ்திரிதான் முதலில் ஓடிப்போய்ப் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தான். பாதம் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன. நல்லவேளை, கொப்புளம் எழவில்லை. பூவிழி அவற்றைத் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

முத்துராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "எப்பலேர்ந்தும்மா?"

"ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா."

"தெனம் போன்ல பேசுனேனே. ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? மூட்டையக் கட்டினு வந்திருப்ப."

அவன் அழுதான். பெரிய ஆம்பிளை, மேஸ்திரி பார்க்கிறானே என்றுகூட இல்லாமல் அழுதான். மணியம்மாள் அவன் தலையில் கை வைத்தாள்.

"சக்கரையா இருக்கும். நாளைக்குக் காலைல பொன்னேரி டாக்டருகிட்ட போலாம். நான் கூட வரேன்" என்றான் முத்துராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தள்ளிக் கிடந்த சென்சாரை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு மேஸ்திரி மெல்லக் கனைத்தான். "முத்து, தப்பா எடுத்துக்காத. பாயி எங்க?"

மணியம்மாளே சொன்னாள்.

"நடு ரூம்ல போடு. இவனும் இவளும் குளுருல கால வெச்சுக்கட்டும். நாளைக்கு ஒரு கொழந்த வந்தா அதுவும் தவழட்டும். அந்த சென்சார மட்டும் ஒழுங்கா நடுவுல வெச்சு ஒட்டச் சொல்லு பூவு, இவன நம்பாத."

மேஸ்திரி சாக்கட்டியை எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனான். சன்னல் ஓரத்தில் எதுவும் வைக்காத இடமாகப் பார்த்துக் கோடு கிழித்தான். தோள் உயரத்தில் ஸ்விட்ச் பெட்டிக்காகச் சுவரை வெட்டினான். பூவிழி பக்கத்திலேயே நின்று, சென்சார் போகிற குழாய் இரண்டு ஒயருக்கும் சரிநடுவில் இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான் பசையைப் பூச விட்டாள். பொழுது சாய்வதற்குள் அந்த அறைத் தரை முடிந்துவிட்டது.

பூவிழி பக்கெட்டில் புதுத் தண்ணீர் பிடித்து மாமியாரின் காலை மறுபடி நனைத்துக்கொண்டிருந்தபோதுதான் ருக்கு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, காலைல அஞ்சு மணிக்குத் தண்ணியில இருக்கணும். நேரத்தோட எழுந்துரு."

ருக்கு எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பக்கெட்டைப் பார்த்தாள். சிவந்த கால்களைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா, அண்ணி?" என்றாள் மெதுவாக.

மணியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துல நிக்கறவளுக்குத் தெரியாதா? ஆறு மாசமா உன் பக்கம் தப்பிச்சு வர்ற எறால நான்தானே தாண்டிப் புடிக்கறேன்."

மணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் கொதிக்கிற டைல்ஸ்மேல் நின்றபோதுகூட வராத அழுகை இப்போது வந்தது.

"நாளைக்கு டாக்டருகிட்ட போறோம் அத்தே. அம்மா வராது" என்றான் முத்துராஜ்.

"போடா. போவத்தான் வேணும்." ருக்கு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா வரிசையில எடம் காலியா இருந்தா ஜெயம்மா மவ வந்து நின்னுக்குவா. ஒரு தடவ நின்னுட்டா அப்பால அவள நவுத்த முடியாது. வூட்லேர்ந்து யாராச்சும் வந்து நின்னாத்தான் எடம் உங்களுது. ஊரு வழக்கம் அது, உனக்கே தெரியும் அண்ணி."

"வுட்டுடு ருக்கு. அவளே நிக்கட்டும்" என்றாள் மணியம்மாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூவிழி பக்கெட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். ஏரிச் சேற்றில் இதுவரை ஒரு நாளும் கால் வைத்ததில்லை. நீச்சல் தெரியாது. நண்டைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்கிறவள்.

"ருக்கு அத்தே, அஞ்சு மணிக்கா வரணும்?"

"ஆமா. ஏன் கேக்கற?"

"அத்தை எடத்துல நான் நிக்கறேன்."